வந்த வழி வினவும் வகுப்பு

ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்ற பிள்ளை இடைநிலைப்பள்ளியின் வாயிலில் அடியெடுத்து வைக்கும் நாள் அவன் வாழ்வில் ஒரு பெருநாள். அதுவரை அவன் அறிந்த பள்ளி சிறியது. ஆசிரியர்கள் அவனை மட்டுமன்றி அவன் தந்தையையும் பெயர் சொல்லி அழைக்கக் கூடியவர்கள். இப்போதோ மாடிக் கட்டடங்கள், மணி அடிக்குந்தோறும் மாறும் ஆசிரியர்கள், மலாய்மொழியில் நடைபெறும் பாடங்கள். தமிழில் ஓயாது பேசிய பிள்ளை இங்கே வாய் திறவாப் பிள்ளையாகி விடுகிறான். புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்று வருவோர்க்கும் இந்நிலை முற்றிலும் நீங்கி விடுவதில்லை. வீட்டார் இதனை அடக்கம் எனக் கருதி மகிழ்வதும் உண்டு. அஃது அடக்கம் அன்று, அச்சம்.

அத்தகைய மாணவன் ஒருவன் முதலாம் படிவத்து வரலாற்று வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தான். வரலாற்று ஆசிரியை நடுவயதினரான ஒரு மலாய்ப் பெண்மணி. முதல் நாள் அவர் பாடநூலைத் திறக்கவில்லை. பலகையில் ஒரே ஒரு சொல்லை எழுதினார். 'செஜாரா' என்னும் அம்மலாய்ச் சொல் மரத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்றார். வேரும் கிளையுமாய் விரியும் குலமரபை எண்ணி வைத்த பெயர் அது. ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லோ கிரேக்கத்திலிருந்து பிறந்தது. விசாரித்து அறிதல் என்பது அதன் பொருள். "உங்கள் வீட்டு மொழியில் இதற்கு என்ன பெயர்?" என்று அவர் கேட்டபோது வகுப்பு அமைதியாயிருந்தது. கடைசி வரிசை மாணவனுக்கு விடை தெரியும். ஆயினும் நா எழவில்லை. ஆசிரியை வற்புறுத்தவில்லை. "ஒரு நாள் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்" என்று மட்டும் கூறினார்.

பிறகு, தாம் மாணவரிடம் எதிர்பார்ப்பவற்றை எடுத்துரைத்தார். அவை நான்கே.

பாடவேளையின் முதல் ஐந்து நிமிடம் எவரும் பேசலாகாது. பலகையில் முந்திய பாடத்திலிருந்து ஒரு வினா இருக்கும். நூலைப் பாராமல் நினைவிலிருந்து இரண்டு வரி விடை எழுத வேண்டும். தவறானால் தண்டனை இல்லை. எழுதாமல் விடுவதே குற்றம்.

குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரிக்க வேண்டும். முதற்பகுதியில் நிகழ்ந்தது; இரண்டாம் பகுதியில் அதற்குச் சான்று; மூன்றாம் பகுதியில் மாணவனுக்கு எழும் ஐயம். மூன்றாம் பகுதி வெறுமையாய் இருத்தல் கூடாது.

ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடலாகாது. மறுத்துரைப்போர், "நீ சொல்வது தவறு" என்று தொடங்காமல், "இதற்குச் சான்று என்ன?" என்று தொடங்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. மேற்கூறிய மூன்றும் மாணவர்க்கு மட்டும் உரியன அல்ல, ஆசிரியைக்கும் உரியன.

வழக்கம் என்றவுடன் அதனை விலங்கு எனக் கருதுவோர் உளர். நாள்தோறும் ஒன்றையே செய்வித்தால் பிள்ளைகளின் அறிவு மழுங்கும் என்பது அவர்தம் வாதம். பிறமொழியில் பயிலும் பிள்ளையின் நிலையில் நின்று நோக்குவார்க்கு உண்மை வேறாகத் தோன்றும். அடுத்து என்ன நேரும் என்பதை அறியாதவனே அஞ்சுகிறான். வகுப்பின் ஒழுங்கு அவனுக்கு முன்னரே தெரிந்திருப்பின், அதனைப் புரிந்துகொள்ளச் செலவிடும் உழைப்பைப் பாடத்தின்மேல் செலுத்த அவனால் இயலும். ஐந்து நிமிட மௌனம், மலாய்மொழியில் இரண்டு வரியைக் கோத்துப் பார்க்க அவனுக்குக் கிடைத்த அவகாசம். பேச அஞ்சியவன் எழுத அஞ்சவில்லை.

பாடங்கள் நகர்ந்தன. மெசொப்பொத்தேமியாவில் ஈராற்றிடை நிலத்தையும், நைல் நதிக்கரையையும், சிந்துவெளியையும், மஞ்சள் ஆற்றங்கரையையும் மாணவர் கண்டு வந்தனர். அம்முராபியின் சட்டங்களைப் படித்த நாளில், அவை பொறிக்கப்பெற்ற கல்தூண் 1901-ஆம் ஆண்டில் சூசா நகரில் கண்டெடுக்கப்பட்டது என்பது இரண்டாம் பகுதியில் ஏறியது. பாபிலோனிய மன்னனின் தூண் ஈரானிய நகருக்கு எப்படிப் போயிற்று என்னும் ஐயம் மூன்றாம் பகுதியில் ஏறியது. போரில் கவர்ந்து செல்லப்பட்டது என்று அறிந்தபோது, ஒரு கல்லுக்கும் வரலாறு உண்டு என்பது பிள்ளைகளுக்கு விளங்கிற்று.

எகிப்தியப் பாடத்தின்போதுதான் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. ரோசெட்டாக் கல்லைப் பற்றி விளக்கிய ஆசிரியை, அதன் எழுத்துகள் 1799-இல் படித்தறியப்பட்டன என்று பலகையில் எழுதினார். கடைசி வரிசையில் ஒரு கை பாதி உயர்ந்து, தாழ்ந்து, மீண்டும் உயர்ந்தது. எழுந்து நின்ற மாணவனின் குரல் நடுங்கியது. அவன் கேட்டது ஒரே வாக்கியம்: "அந்த ஆண்டுக்குச் சான்று என்ன?" நூல்நிலையத்தில் அவன் எடுத்த குறிப்பு கையில் இருந்தது. 1799 கல் கிடைத்த ஆண்டு. பிரெஞ்சு அறிஞர் சாம்பொல்லியோன் அவ்வெழுத்தின் நெறியைக் கண்டு வெளியிட்டது 1822-இல்.

வகுப்பு மூச்சடக்கி இருந்தது. ஆசிரியை குறிப்பை வாங்கிப் படித்தார், பலகையைத் திருத்தினார், அவனுக்கு நன்றி கூறினார். பின்னர்த் தம் குறிப்பேட்டைத் திறந்து அதிலும் திருத்தி எழுதினார். அவர் சினந்திருந்தாலோ, சிரித்து மழுப்பியிருந்தாலோ, நான்கு எதிர்பார்ப்புகளும் அன்றே பொய்த்திருக்கும். மாணவரிடம் எதிர்பார்ப்பதைத் தம்மிடமும் எதிர்பார்க்கும் ஆசிரியரின் சொல்லுக்கே வகுப்பில் வலிமை உண்டு.

மறு ஆண்டும் அவ்வகுப்புக்கு அதே ஆசிரியை வாய்த்தார். இரண்டாம் படிவத்தில் மலாய் உலகின் தொன்மை அரசுகள் பாடமாக வந்தன. பழைய கெடாவும் ஸ்ரீவிஜயமும் அவற்றுள் அடங்கும். 1025-ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை இப்பகுதிகளைத் தாக்கியது என்று கூறக் கேட்டதும் தமிழ் மாணவர் சிலர் நிமிர்ந்து அமர்ந்தனர். மலாய் மாணவன் ஒருவன் முகம் சுருங்கினான். கடாரங் கொண்டான் என்னும் பட்டப்பெயரை வீட்டில் கேட்டு வளர்ந்த நம் மாணவன் பெருமையோடு எழுந்து அவ்வெற்றியைப் பேசத் தொடங்கினான். சுருங்கிய முகத்து மாணவன் குறுக்கிடவில்லை. அவன் பேசி முடித்தபின், வழக்கப்படியே அமைதியாய் வினவினான்: "இதற்குச் சான்று என்ன?"

அக்கேள்வி அவனை நிறுத்தியது. சான்று உண்டு, தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு உண்டு. கடாரம் முதலிய பல இடங்களின் பெயர்கள் அதில் வரிசையாக உள்ளன. ஆனால் அது யார் கூற்று? வென்ற மன்னனின் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தி அது. தோற்றவர் ஊரில் என்ன நேர்ந்தது என்பதை அது கூறுமா? அவன் மூன்றாம் பகுதியில் அவ்வையத்தை எழுதினான். ஆசிரியை மேலும் ஒரு சான்றை முன்வைத்தார். அப்படையெடுப்புக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகட்கு முன், இராசேந்திரனின் தந்தையான இராசராசன் காலத்தில், ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைச் சோழ அரசே கொடையாக அளித்தது. செப்பேடு அதனைக் கூறுகிறது. பூஜாங் பள்ளத்தாக்கில் இன்றும் காணப்படும் கோயில் அடித்தளங்களோ இருகரை மக்களுக்கிடையே நிலவிய வணிகத்தையும் வழிபாட்டையும் நினைவூட்டுகின்றன. போர் ஓர் ஏடு. நட்பு மற்றோர் ஏடு. இரண்டையும் படிப்பவனே வரலாறு படித்தவன். அன்று பெருமை கொண்டவனும் முகம் சுருங்கியவனும் ஒரே மேசையில் அமர்ந்து சான்றுப் பட்டியலைச் சேர்ந்து எழுதினர்.

2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெறுவதற்கு வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி கட்டாயமாகி விட்டது. ஆகவே ஆண்டுகளையும் பெயர்களையும் மனப்பாடம் செய்விப்பதே போதும் என்று எண்ணும் ஆசை ஆசிரியர்க்கு எழுவது இயல்பே. மனப்பாடமும் வேண்டும், ஆயினும் மனப்பாடம் தேர்வறையோடு முடிந்து விடும். கேட்டதை ஆராய்ந்து ஏற்கும் பழக்கமோ வாழ்நாள் முழுதும் உடன் வரும். தன் இனத்தின் பெருமையையும் அவ்வாறே ஆராய்ந்து ஏற்பவனுக்கு, பிறர் பெருமையைக் கண்டு அஞ்ச வேண்டிய தேவை இராது.

ஆண்டின் இறுதிப் பாடவேளை முடிந்து மணி அடித்தது. மாணவர் கலைந்தனர். அவன் மட்டும் ஆசிரியையின் மேசையருகே சென்று நின்றான். முதலாம் படிவத்தில் அவர் கேட்ட வினாவுக்கு விடை கொண்டு வந்திருப்பதாகக் கூறினான். "எங்கள் மொழியில் அதற்கு வரலாறு என்று பெயர், வந்த வழி என்று பொருள்" என்றான்.

ஆசிரியை தம் குறிப்பேட்டைத் திறந்தார். முதல் பக்கத்தில் மூன்றாம் பகுதியில் ஈராண்டாகக் காத்திருந்த அந்த வினாவின் எதிரே, அவன் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல, அச்சொல்லை எழுதிக்கொண்டார்.