பச்சைமலைக்கு ஒரு டிஸ்கோ பயணம்

திருச்சியில் இருந்து பச்சைமலை சுமார் 80 கிலோமீட்டர். காலையில் சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினால் துறையூர் வழியாக மதியச் சாப்பாட்டுக்குள் மலை மேல் நிற்கலாம். ஊட்டி, கொடைக்கானல் கூட்டம் இங்கே கிடையாது. வழி முழுக்கப் பாட்டு கேட்டபடி போகலாம். எங்கே என்ன கேட்பது, எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொண்டால் பயணம் இன்னும் ருசிக்கும்.

துறையூர் வரை: புது ரிலீஸ்

2015 ஜூலை முதல் உலகம் முழுக்கப் புதுப் பாட்டுகள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில்தான் வெளியாகின்றன. சனிக்கிழமை மலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு இது வசதி. மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது என்பதால் முதல் நாளே போனில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

காவிரிப் பாலம், திருவானைக்காவல், கொள்ளிடம், அரிசி ஆலைகள் நிறைந்த மண்ணச்சநல்லூர் என்று சமவெளியில் ஓடும் இந்தப் பாதைக்கு ஹவுஸ் இசை பொருத்தமாக இருக்கும். நிமிடத்துக்குச் சுமார் 120 அடி, மாறாத ஒரே தாளம், அடியில் அதிரும் பாஸ்: இதுதான் ஹவுஸ். 1980-களில் அமெரிக்காவின் சிகாகோவில், டிஸ்கோவின் வாரிசாகப் பிறந்தது. ‘வேர்ஹவுஸ்’ என்ற நடன கிளப்பின் பெயரே சுருங்கி இந்தப் பெயர் ஆனது என்பார்கள்.

தமிழும் இந்த மேடைக்கு வந்துவிட்டது. 2021-ல் சந்தோஷ் நாராயணன் இசையில் தீ, அறிவு பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ வெளியானது. நிலத்தையும் முன்னோரையும் பேசும் அந்தப் பாட்டைப் பிரான்ஸின் டிஜே ஸ்நேக் நடன இசையாக மாற்றிக் கொடுத்தார்.

மலைப் பாதையில்: மும்பை டிஸ்கோ

சோபனபுரம் தாண்டினால் மலைப் பாதை தொடங்கிவிடும். வளைவுகளில் வண்டியின் வேகம் குறையும். இங்கே கேட்க ஒரு பழைய ஆல்பம் இருக்கிறது.

1982-ல் தமிழகம் ‘சகலகலா வல்லவன்’ படத்தின் புத்தாண்டுப் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு மும்பையில், இந்தி சினிமா வாத்தியக் கலைஞர் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பைரவ், யமன், பூபாளி, மால்கௌன்ஸ், கலாவதி எல்லாம் அதில் உண்டு. ஸ்ரீரங்கத்துக் கச்சேரி ரசிகர்களுக்கு இவை மாயாமாளவகௌளை, கல்யாணி, மோகனம், ஹிந்தோளம், வலஜி என்று சொன்னால் உடனே புரியும்.

அவர் பயன்படுத்தியது ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்த டிபி-303 என்ற சின்னப் பெட்டி. பாஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாதபோது உதவட்டும் என்று செய்தது. சரியாக விற்கவில்லை. இசைத்தட்டும் அப்போது கவனிப்பாரற்றுப் போனது. பிறகு அதே பெட்டியைப் பழைய விலைக்கு வாங்கிய சிகாகோ இளைஞர்கள் 1987-ல் ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட, ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற தனி வகையே உருவானது. 2010-ல் சரண்ஜித் சிங்கின் ஆல்பம் மறுபடி வெளியானபோது, ஐந்து ஆண்டுகள் முன்பே ஒருவர் மும்பையில் இதைச் செய்திருக்கிறாரே என்று உலகம் வியந்தது. முதுமையில் வெளிநாட்டு மேடைகளில் அதை வாசித்துக் காட்டிவிட்டு, 2015-ல் அவர் மறைந்தார்.

மேலே போனதும்: பெட்டியை மூடுங்கள்

டாப் செங்காட்டுப்பட்டி வந்ததும் பாட்டை நிறுத்திவிடலாம். இது மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர். மலையை ஆள்பவர்கள் என்பதால் அந்தப் பெயர், கேரளத்துக்காரர்கள் அல்ல. வண்ணாடு, தென்பரநாடு, கோம்பை என்று நாடு நாடாகப் பிரிந்து வாழ்கிறார்கள். மரவள்ளிக் காடு, பலா, முந்திரி, புளி எல்லாம் பாதையோரம் தெரியும்.

அருவிக்குக் குளிக்க வருகிற சிலர் ப்ளூடூத் ஸ்பீக்கரையும் தூக்கி வருகிறார்கள். ‘நாம் இங்கே கேட்கிறோம், யாருக்கு என்ன தொந்தரவு’ என்று தோன்றலாம். பாஸ் விஷயத்தில் அந்தக் கணக்கு தப்பு. 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 சென்டிமீட்டர்தான். இலையும் கிளையும் காற்றுமே அதை வழியில் மட்டுப்படுத்திவிடும். 50 ஹெர்ட்ஸ் பாஸின் அலைநீளமோ சுமார் 7 மீட்டர். மரங்களைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். ஊர்த் திருவிழாவின் பாட்டு வரிகள் கேட்காத தூரத்திலும் ‘தும் தும்’ மட்டும் வருவது இதனால்தான். ஸ்பீக்கர் பெரிதாக ஆக, பாஸ் போகும் தூரமும் கூடும்.

பாட்டு போட்டவருக்குப் பாட்டு. அடுத்த சரிவில் விடியற்காலையில் காட்டு வேலைக்கு எழ வேண்டியவருக்கு வெறும் அதிர்வு. இரவு 10 முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. பகலிலும் மலையில் ஹெட்போன் போதும். அதையும் கழற்றி வைத்தால் தவளையும் பூச்சியும் தண்ணீரும் சேர்ந்து வாசிப்பது கேட்கும்.

போகிறவர்களுக்கு

மலையின் உயரம் சுமார் 500 முதல் 1,000 மீட்டர். மங்களம் அருவி, கொரையாறு அருவி இரண்டுமே மழையை நம்பியவை. மழைக்காலத்தை ஒட்டிப் போனால் தண்ணீர் இருக்கும். கோடையில் ஏமாற்றம்தான். அருவிக்குப் போகும் முன் வனத்துறையிடம் நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள். தங்குவதாக இருந்தால் முன்பதிவு அவசியம். இரவில் குளிருக்குப் போர்வையும், பாட்டு ஆசை இருந்தால் ஆளுக்கு ஒரு ஹெட்போனும் பையில் இருக்கட்டும்.