நீலப் பொறி

பந்திங்கிலிருந்து மோரிப் கடற்கரைக்குச் செல்லும் சாலையில், செம்பனைத் தோட்டங்களைக் கடந்து கடற்காற்று முகத்தில் படத் தொடங்கும் வேளையில், அதுவரை சீராக ஓடிவந்த ஸ்கூட்டர் இரண்டு முறை இருமிவிட்டு மூச்சடங்கி நிற்குமானால், அந்தத் திடீர் நிசப்தத்தில் மனிதனுக்கு உண்டாகும் கலக்கத்தை நான் ஓராண்டுக் காலம் அனுபவித்திருக்கிறேன்.

அந்த வண்டி, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்த என் தந்தையார் செம்மண் பாதைகளில் ஓட்டிப் பழகிய பழைய வெஸ்பா. இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்துக்காக, ஹெலிகாப்டர்களை உருவாக்குவதில் ஈடுபட்டிருந்த கொராதினோ தஸ்கானியோ என்ற பொறியாளர் வடிவமைத்து, 1946-ல் உலகுக்கு வந்த குலத்தைச் சேர்ந்தது. காலையில் ஒரே உதையில் எழும். ஏழெட்டு மைல் ஓடி எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் நின்றுவிடும். அரைமணி நேரம் மர நிழலில் ஆறவிட்டால், எதுவுமே நடவாததுபோல் மறுபடியும் எழும். ஒரு பட்டறையில் பெட்ரோல் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார்கள். இன்னொன்றில் கார்புரேட்டரைக் கழுவினார்கள். பிளக்கை இரண்டு முறை மாற்றினார்கள். நான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோதெல்லாம் அது ஆறியிருந்தது. ஆறிய வண்டியில் பொறி நன்றாகவே வந்தது. ஆகவே, அதில் குறையொன்றுமில்லை என்ற தீர்ப்போடு நான் திரும்பினேன்.

கடைசியாகச் சென்றது, பட்டணத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை ஒன்றில் வேலை செய்துவந்த பெரியவர் ஒருவரிடம். நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, வண்டியைத் தொடாமலே அவர் சொன்னார்: "தம்பி, ஆறின வண்டியைப் பாத்து என்ன தெரியப் போகுது? இந்தத் தாமானையே சுத்திக்கிட்டு இருங்க. நின்னதும் தள்ளிக்கிட்டு வாங்க. சூடு ஆறிடக் கூடாது."

அப்படியே அந்தக் குடியிருப்புப் பகுதியைச் சுற்றினேன், முக்கால் மணி நேரத்தில் அது நின்றது, வியர்க்க வியர்க்கத் தள்ளிவந்தேன். அவர் துணியைச் சுற்றிப் பிளக்கைக் கழற்றி, அதன் முனையை விரலால் தொட்டு முகர்ந்தார். "ஈரமா இருக்கு. எண்ணெய் வருது. நெருப்புதான் வரலை." வறண்டிருந்தால் எண்ணெய் வழியையும், நனைந்திருந்தால் மின்வழியையும் தேட வேண்டுமென்ற அந்த முதற்கேள்வி, ஓராண்டுக் குழப்பத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டது. பிறகு பிளக்கைத் தொப்பியில் மாட்டி, எண்ணெய் ஆவி எழும் துளைக்கு எட்டாத தொலைவில் எஞ்சின் உலோகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, என்னை உதைக்கச் சொன்னார். கொட்டகையின் அரையிருளில், மயிரிழைபோல் மெலிந்த ஒரு மஞ்சள் பொறி தோன்றி மறைந்தது. நீல நிறத்தில், சடசடவென்ற ஒலியோடு பாய வேண்டிய பொறி அது. திறந்த காற்றில் இவ்வளவாவது தாண்டுகிற பொறி, எஞ்சினுக்குள்ளே அழுத்தப்பட்ட காற்றைத் தாண்ட வலுவில்லாமல் தோற்றுப்போகும் என்பதையும், ஆகவே பொறி வருகிறதா என்று கேட்பதோடு நில்லாமல் அதன் நிறம் என்ன என்றும் கேட்க வேண்டுமென்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரத்தின் சாளரம் வழியாக, மின்னோட்டத்தை இணைத்தும் அறுத்தும் விடுகிற பாயிண்டை அவர் காட்டினார். அது விலகும்போதெல்லாம் அங்கேயே ஒரு வெளிச்சம் மின்னியது. பிளக்குக்குப் போக வேண்டிய வலிமை வழியிலேயே செலவாகிக்கொண்டிருந்தது. 1831-ல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்தூண்டல் தத்துவமே இந்த எஞ்சினின் உயிர்நாடி. பாயிண்ட் திறக்கும் கணத்தில் முதற்சுருளின் மின்னோட்டம் சட்டென்று அறுந்தால்தான், அடுத்த சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழும்பும்; அந்த அறுதல் சுத்தமாக நிகழும்பொருட்டு மிச்சத்தை வாங்கிக்கொள்வது, சுண்டுவிரல் நுனியளவுள்ள கண்டென்சர். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று ஓடும் இருவீச்சு எஞ்சினில் இது நொடிக்கு ஐம்பது தடவை நிகழ்ந்தாக வேண்டும். என் வண்டியின் கண்டென்சர் குளிர்ந்திருக்கையில் கடமையைச் செய்து, சூடேறியதும் உள்ளே காப்பு தளர்ந்து கைவிட்டுக்கொண்டிருந்தது.

சக்கரத்தைக் கழற்றி, கருகிக் குழி விழுந்திருந்த பாயிண்டையும் கண்டென்சரையும் மாற்றி, அளவுத் தகட்டை நுழைத்து 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தார். எழுந்த பொறி நீலமாக இருந்தது. ஆயினும் அவர் கூலி கேட்கவில்லை. "இன்னும் முடியலை. அதே மாதிரி சுத்திட்டு வாங்க" என்றார். ஒரு மணி நேரம் சுற்றினேன், வண்டி நிற்கவில்லை. சூட்டோடு மறுபடியும் பிளக்கைக் கழற்றிப் பொறியைப் பார்த்து, நீலம் மாறாததைக் கண்ட பிறகே கையைத் துடைத்தார். குற்றம் எந்த நிலையில் வெளிப்பட்டதோ அதே நிலையில்தான் அதன் நிவர்த்தியும் நிரூபிக்கப்பட வேண்டும் என்பது அவருடைய சாஸ்திரம்; அனுமானத்தைப் பிரத்தியட்சத்தால் உறுதிசெய்யாமல் அவர் எதையும் முடிந்ததாகக் கொள்ளவில்லை.

இன்றைய வண்டிகளில் பாயிண்ட் இல்லை, அதன் இடத்தில் சி.டி.ஐ. போன்ற மின்னணுப் பெட்டி வந்துவிட்டது. ஆயினும் அதோடு இணைந்த சுருள்களும் சூட்டில் தளர்வதுண்டு. ஈரமா வறட்சியா, நீலமா மஞ்சளா என்ற கேள்விகள் மாறவில்லை. ஆகையால், வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பிளக் கழற்றும் சாவி ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள், வழியில் நின்றுபோனால் அது ஆறும்வரை காத்திராமல், நின்ற இடத்திலேயே, நின்ற சூட்டிலேயே பொறியைப் பாருங்கள்.