டோனாவூர் அம்மையும் உன் பால் கணக்கும்

ஏட்டி ராஜாத்தி,

உன் கடுதாசியில் பாதிக்கு மேல் புலம்பல்தான். பிள்ளைங்க விடுதிக்கு உன்னைப் பொறுப்பாப் போட்டதும் பெரிய ஊழியம்னு நினைச்சுப் போனியாம், இப்போ பால் கணக்கும் பேன் சீப்பும் சொறி மருந்துமாவே பொழுது போகுதாம். படிச்சதும் எனக்கு நம்ம டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மா ஞாபகந்தான் வந்துச்சு. ஞாயிறு பள்ளியில் கேட்ட கதைதானேன்னு தள்ளிராதே, அங்கே சொல்லாம விட்டதும் இருக்கு.

1867-ல் அயர்லாந்தில் பிறந்தவங்க. 1895-ல் இந்தியாவுக்கு வந்ததோட சரி, சாகிற வரை ஊர்ப்பக்கம் திரும்பிப் போகவே இல்லை. (நான் என்னடான்னா, கிறிஸ்மஸ் லீவுக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பலைன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறேன்.) சேலையைக் கட்டிக்கிட்டு, மாட்டுவண்டியில் ஊர் ஊராப் போய்ப் பிரசங்கம் பண்ணிக்கிட்டு இருந்தவங்ககிட்ட, 1901 மார்ச்சில், கோவிலுக்கு விடப்பட்டிருந்த ஏழு வயசுப் பிள்ளை ஒண்ணு தப்பி ஓடி வந்து சேர்ந்துச்சு. அதுக்கப்புறம் பிள்ளைங்க ஒண்ணொண்ணா வர வர பிரசங்கப் பயணமெல்லாம் குறைஞ்சு, பிள்ளைங்களுக்கு நகம் வெட்டுறதும் பாலாடையில் பால் புகட்டுறதுந்தான் வேலைன்னு ஆயிருச்சு. கைக்குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும்னு நெய்யூரில் ஒரு வீடு வச்சு, பொன்னம்மாள்னு ஒரு விதவைகிட்ட ஒப்படைச்சாங்க. அங்கே வயிற்றுக்கடுப்பு பரவி, குழந்தைங்க அடுத்தடுத்துப் போயிருச்சு. எந்தக் கல்நெஞ்சும் அதோட மூட்டையைக் கட்டியிருக்கும், இவங்க கட்டலை. 1918-லிருந்து பையன்களையும் சேர்த்தாங்க.

அப்புறம் காசு விஷயம். யார்கிட்டயும் கைநீட்டிக் கேட்கிறதில்லைன்னு வைராக்கியம், அப்போ டோனாவூரில் வேலை செஞ்சவங்களுக்குச் சம்பளமும் கிடையாது. எங்க சபையில் மாசம் தவறாம ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறவங்களை நினைச்சா எனக்குப் பொறாமையா இருக்கு, டோனாவூர்க்காரங்க மேல.

ஆனா ஒண்ணு சொல்லணும், அம்மை பிடிவாதக்காரி. 1924-ல் ஸ்டீபன் நீல்னு ஒரு படிச்ச பையன் அங்கே வேலை செய்ய வந்தான், ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலை, அடுத்த வருஷமே வெளியே அனுப்பிட்டாங்க. அந்தப் பையன்தான் 1939-ல் திருநெல்வேலிக்கே பிஷப்பா வந்து உட்கார்ந்தார்! அந்தச் சேதி டோனாவூருக்கு எட்டினப்ப அம்மை முகம் எப்படி இருந்திருக்கும்னு பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

அப்போ அவங்க படுக்கையில் கிடந்தாங்க. 1931 அக்டோபரில் களக்காட்டில் வைத்தியத்துக்குன்னு வாடகைக்குப் பிடிச்ச வீட்டைப் பார்க்கப் போனவங்க, இருட்டுற நேரத்தில், கக்கூசுக்குன்னு புதுசாத் தோண்டி வச்சிருந்த குழியில் விழுந்து கால் ஒடிஞ்சுது. அப்புறம் பெரும்பாலும் படுக்கைதான். 1951 ஜனவரியில் கண்ணை மூடுற வரை, அறைக்குள்ளே இருந்துகிட்டே கடுதாசியும் புத்தகமுமா எழுதி அத்தனை பேரையும் நடத்தியிருக்காங்க.

அதனால பால் கணக்குப் பார்க்கிறது ஊழியமில்லைன்னு இனி எனக்கு எழுதாதே. ஆனா அவங்க பிடிவாதத்தை மட்டும் எடுத்துக்கிறாதே தாயி, எதிர்த்துப் பேசுற ஒரு ஆளையாவது உன் கமிட்டியில் வச்சுக்கோ. சொறிக்கு வேப்பிலையும் மஞ்சளும்னு நேரத்தைக் கடத்தாம எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நாளில் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ, இல்லைன்னா ஒண்ணுகிட்டேருந்து ஒண்ணுக்கு ஒட்டிக்கிட்டே இருக்கும். உடனே பதில் போடு.