மூன்று லட்ச ரூபாய்க் கண்

அடுத்தவனுடைய தொழில் சாமானைப் பற்றி யோசனை சொல்லுவதைப் போல் ஆபத்தான காரியம் வேறில்லை. சந்தையில் பிறத்தியான் பிடித்த மாட்டுக்குப் பல் பார்த்துச் சொல்லுகிறவனுக்கு விற்கிறவனும் பகை, வாங்குகிறவனும் பகை. ஆனாலும், கேட்கிறவர் நமக்கு வேண்டியவராக இருந்து, அவர் அடகு வைக்கப் போவது மனைவியின் நகை என்றும் தெரிந்துவிட்டால், சும்மா இருக்க மனம் வருகிறதில்லை.

சுத்துக்கேணியில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கும் போட்டோக்காரத் தம்பியைத்தான் சொல்லுகிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு ஸ்டூடியோ. நீலத்திரை ஒன்று, வெள்ளைத்திரை ஒன்று, ஒரு ஸ்டூல், முகம் பார்க்கும் கண்ணாடி, சீப்பு. அந்த ஸ்டூலில் உட்காராதவர் எங்கள் ஊரில் குறைவு. பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது. பிரான்சிலிருக்கும் மகனிடம் போவதற்காகப் பாஸ்போர்ட் எடுக்கப் புறப்பட்ட பாட்டியும் உட்கார்ந்திருக்கிறாள். புதுச்சேரிப் பக்கத்து ஊர்களில் அப்படிப்பட்ட பாட்டிகள் உண்டு. மஞ்சள் நீராட்டு, காதணி, கல்யாணம், கடைசியில் மாலை போட்டு மாட்டும் படம் வரை எல்லாவற்றுக்கும் அவர்தான் போயாக வேண்டும்.

அவர் ஒரு நாள் வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

"ஐயா, ஒரு காமிரா வாங்கலாம்னு இருக்கேன். பாடி மட்டும் மூணு லட்சத்துக்கு மேல ஆவுது. லென்ஸ் தனி. வாங்கலாமா, வேணாமா?"

"இருக்கிற காமிராவுக்கு என்ன தம்பி?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். மயிலம் மலையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் தம்பி பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிற பையன். அவன் கழுத்தில் தொங்கிய காமிரா இவர் கையிலிருந்ததைவிடப் பெரியது. தாலி கட்டும் சமயத்தில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் இவரைப் பார்த்து, "நீ கொஞ்சம் ஒதுங்கு தம்பி, அவர் நல்ல காமிரா வச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கிற்று. கேள்வி காமிராவைப் பற்றியது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அது மானத்தைப் பற்றிய கேள்வி. மானத்துக்கு விலை சொல்ல நான் யார்? இருந்தாலும் மானத்துக்காக வாங்கும் பொருளுக்கும் மாதா மாதம் தவணை கட்டத்தானே வேண்டும்?

கணக்குப் போட்டவர் அவருடைய மனைவி. பத்தாவது வரை படித்த பெண். கடையின் வரவு செலவு நோட்டு அவரிடம்தான் இருக்கிறது. மறுநாள் நோட்டும் கையுமாக வந்துவிட்டார். முந்திய வருஷத்தில் கல்யாணம் 22, மஞ்சள் நீராட்டு 9, காதணியும் மற்றவையும் 12. ஆக 43 விசேஷம். "ஏனம்மா இவ்வளவுதானா?" என்று கேட்டேன். "ஆடியில கல்யாணம் உண்டா? புரட்டாசியில உண்டா? மார்கழியில உண்டா? மிச்ச மாசத்துல நல்ல முகூர்த்தம் வந்தா நாலு வீட்டுல ஒரே நாள்ல வருது. இவரு ஒரு ஆளு, ஒரு வீட்டுக்குத்தானே போவ முடியும்?" என்றார்.

இந்த ஒரு பதிலிலேயே பாதி வியாபார சாஸ்திரம் அடங்கிவிட்டது. காமிரா எத்தனை உயர்ந்ததானாலும் பஞ்சாங்கத்தில் ஒரு முகூர்த்தத்தைக் கூட்டாது. ஒரே காலை வேளையில் அவரை இரண்டு மண்டபத்தில் நிறுத்தவும் செய்யாது.

பிறகு செலவுப் பக்கத்துக்கு வந்தோம். காமிராவின் விலை 3 லட்சம். அதன்மேல் வரி 18 சதவீதம், 54,000. (2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது டிஜிட்டல் காமிராவுக்கு 28 சதவீதம் இருந்தது. 2019 ஜனவரியிலிருந்துதான் 18 ஆயிற்று.) ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்துகொண்ட பெரிய ஸ்டூடியோவாக இருந்தால் இந்த 54,000-ஐத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு 20 லட்சம் வரும்படியை எட்டாத, பதிவே செய்துகொள்ளாத நம்முடைய தம்பிக்கு அந்த வழி கிடையாது. அத்தனையும் கைச் செலவுதான். லென்ஸ், கார்டு, பாட்டரி என்று இன்னும் 1,46,000. ஆக மொத்தம் 5 லட்சம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காயும் மலிவில்லை.

ஐந்து வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு ஒரு லட்சம். 22 கல்யாணத்துக்குப் பங்கிட்டால் கல்யாணம் ஒன்றுக்குச் சுமார் 4,500 ரூபாய். 43 விசேஷத்துக்குமாகப் பரப்பினால் ஒவ்வொன்றுக்கும் 2,300-க்கு மேல். இதில் வட்டி சேரவில்லை. "காமிரா புதுசு என்பதற்காகப் பெண்ணைப் பெற்றவர் 4,500 ரூபாய் கூடக் கொடுப்பாரா?" என்று கேட்டேன்.

"அட்வான்ஸையே அவுங்க மூணு தடவையாத்தான் குடுக்குறாங்க" என்றார் அந்த அம்மாள்.

சரி, படம் நன்றாக வருமே என்று கேட்பீர்கள். வரும், சந்தேகமில்லை. ஆனால் அதைப் பார்க்கப் போவது எங்கே? கல்யாண ஆல்பத்தில் 12 அங்குலத்துக்கு 18 அங்குலப் பக்கம் ஒன்றை நிறைத்து ஒரே படம் போடுவதானாலும், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற உயர்ந்த கணக்கில் சுமார் 2 கோடிப் புள்ளிகள் போதும். தம்பியிடம் ஏற்கெனவே இருந்த காமிரா 2 கோடியே 40 லட்சம் புள்ளி கொடுத்துக்கொண்டிருந்தது. ஆல்பம் பீரோவுக்குப் போய்விடும். உறவினர் எல்லாரும் பார்ப்பது வாட்ஸ்அப்பில், உள்ளங்கையளவு கண்ணாடியில். அங்கே போகும்போது படம் நசுங்கிச் சுருங்கித்தான் போகிறது. வாசலில் கட்டும் பானரோ பத்தடி தள்ளி நின்று பார்ப்பதற்கு.

அப்படியானால் விலையுயர்ந்த காமிராவை வாங்குகிறவர்கள் எல்லாரும் விவரமில்லாதவர்களா? இல்லை. 1991-ல் கோடாக் கம்பெனி, நிக்கான் காமிராவின் முதுகில் தன் கருவியைப் பொருத்தி ஒரு டிஜிட்டல் காமிரா விற்றது. வெறும் 13 லட்சம் புள்ளி. படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தோளில் தனியே மாட்டிக்கொள்ள வேண்டும். விலை 20,000 டாலருக்கு மேல். அதையும் வாங்கினார்கள், பத்திரிகைக்காரர்கள். பிலிமைக் கழுவி, உலர்த்தி, அச்சுப் போட்டு அனுப்பும் நேரம் மிச்சமாகும் அல்லவா? மாலைப் பதிப்புக்கு முந்திக்கொள்கிறவனுக்கு அரை மணி நேரம் என்பது பணம். விளையாட்டு மைதானத்திலும் காட்டிலும் படம் எடுக்கிறவர்களுக்கு இன்றும் இதே நியாயம் உண்டு. நொடிக்கு இருபது படம் அவர்களுக்குச் சோறு போடும். தாலி கட்டும்போது அத்தனை வேகம் எதற்கு? கெட்டிமேளம் தவில்காரருக்குத்தான் அவசரம்.

அந்த விலைகள் பிறகு எப்படிச் சரிந்தன என்பதையும் பார்க்க வேண்டும். 1999-ல் நிக்கான் டி1 அதைவிட இரண்டு பங்கு புள்ளிகளோடு, விலையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குக்கு வந்தது. 2003-ல் கானன் கம்பெனி 60 லட்சம் புள்ளிக் காமிராவை ஆயிரம் டாலருக்கும் குறைவாகக் கொடுத்தது. நிலம் வாங்கிப் போட்டால் விலை ஏறும். நகை வாங்கினால் ஏறும். காமிரா வாங்கிய மறுநாளே இறங்குகிற சரக்கு. ஏறுகிற சரக்கை அடகு வைத்து இறங்குகிற சரக்கை வாங்கலாமா என்பதுதான் கேள்வி. அந்த அம்மாள் இதை என்னைவிட நன்றாகச் சொன்னார்: "காமிரா சம்பாரிச்சு என் நகையை மீட்குமா, இல்ல, காமிராவை மீட்க மறுபடியும் என் நகைதான் போவணுமா ஐயா?"

தம்பியின் கட்சியிலும் நியாயம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய பழைய காமிராவில் கார்டு போடும் துளை ஒன்றுதான். கார்டு கெட்டுப் போனால் கல்யாணமே கெட்டுப் போன மாதிரி. இரண்டு துளை இருந்தால் எடுக்கும்போதே இரண்டு பிரதி விழும். தாலியை மறுபடியும் கட்டச் சொல்ல முடியாதே! ஷட்டர் சமாசாரமும் உண்டு. 2016-ல் வந்த நிக்கான் டி5-இன் ஷட்டர் 4 லட்சம் தடவை திறந்து மூடும் வரை சோதித்தது என்று கம்பெனி சொல்லிற்று. சாதாரண ரகத்துக்கு ஒரு லட்சம் என்பதே பெரிது. விசேஷத்துக்கு 1,500 படம் வீதம் 43 விசேஷத்துக்கு 64,500. சாதாரணக் காமிரா இரண்டு வருஷத்துக்குள்ளேயே மூச்சு வாங்கும். ஆனால் ஷட்டரை மாற்றுவதற்குப் புதுக் காமிராவின் விலையில் சிறு பங்குதான் ஆகும். கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால் விளக்கு வெளிச்சத்தில் எடுக்க நேரும்போது உயர்ந்த காமிராவின் அருமை தெரிகிறது, இதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அப்படி வருஷத்துக்கு எத்தனை தடவை?

எங்கள் ஊர்க் குடியானவர்கள் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். இரண்டு காணி வைத்திருக்கிறவர் நெல் அறுக்கும் இயந்திரம் வாங்குகிறாரா? மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கூப்பிடுகிறார். அறுத்துக் கொடுத்துவிட்டு அது அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. லென்ஸும் காமிராவும் நகரத்தில் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வேண்டிய நாளைக்கு எடுத்து வந்தால் ஆடி மாதத்தில் அது பீரோவில் தூங்குவதற்கு நாம் வட்டி கட்ட வேண்டியதில்லை.

இந்தத் தொழில் பிறந்த நாளிலிருந்தே இந்தச் சங்கடம் உண்டு. 1839-ல் பாரிஸில் தாகேர் தம்முடைய முறையை உலகத்துக்கு அறிவித்தபோது, அதற்காக விற்ற காமிராச் செட்டின் விலை 400 பிராங்கு. சாதாரணத் தொழிலாளி பல மாதம் உழைத்தால்தான் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்க்கலாம். அதே நகரத்தில் திஸ்தேரி என்று ஒருவர் 1854-ல் ஒரு யுக்தி செய்தார். ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறு படங்களை எடுத்து, அச்சிட்டு வெட்டிக் கொடுத்தார். நம்முடைய ஸ்டூடியோவில் ஒரு தாளில் எட்டுப் பாஸ்போர்ட் படம் போட்டுக் கத்தரிக்கிறார்களே, ஏறக்குறைய அந்த வித்தைதான். படத்தின் விலை சரிந்தது. கடைவாசலில் கூட்டம் நெரிந்தது. அவர் பணம் சேர்த்தது உயர்ந்த காமிராவினால் அல்ல, ஒரு படத்துக்கு ஆகும் செலவைக் குறைத்ததனால். பிறகு ஊரெல்லாம் அந்த யுக்தியைப் பிடித்துக்கொண்டது. அவருக்கென்று தனியாக ஒன்றும் மிஞ்சவில்லை. 1889-ல் ஏழையாகவே இறந்தார். விலைக்குக் கிடைக்கிற கருவியானாலும், பார்த்துக் கற்கிற யுக்தியானாலும் அடுத்தவனுக்கும் அது கிடைத்துவிடுகிறது. மயிலம் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தம்பி கழுத்தில் தொங்கியதும் அதுதானே?

அப்படியானால் அடுத்தவனுக்குக் கிடைக்காதது எது? இதற்கும் நோட்டிலேயே விடை இருந்தது. சில மாதங்களுக்கு முன்னால் பக்கத்து ஊரிலிருந்து ஓர் அம்மாள் வந்தாராம். வீட்டுக்காரர் இறந்துவிட்டார். மாட்டி வைக்க ஒரு படம் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மகளின் கல்யாணத்தில் இந்தத் தம்பி எடுத்தது நினைவு வந்து தேடி வந்திருக்கிறார். தம்பி பழைய வட்டை எடுத்துத் தேடி, பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த மனிதரைக் கண்டுபிடித்து, முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தார். நோட்டில் அந்த வரும்படி 600 ரூபாய் என்று இருக்கிறது. அதற்குக் கீழே அந்த ஊரிலிருந்து வந்த மூன்று கல்யாணங்கள் இருக்கின்றன. பெங்களூர்ப் பையனிடம் பன்னிரண்டு வருஷம் கழித்து யார் போய்க் கேட்பது?

எடுப்பது பாதித் தொழில். காப்பது பாதித் தொழில். புதுச்சேரியில் 1955-லிருந்து நடந்துவரும் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார், தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களில் எடுத்த குடும்பப் படங்களைத் தேடிச் சேகரித்து டிஜிட்டலில் பதிந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் படங்களில் ஜரிகைத் தலைப்பாகையும் நாற்காலியும் வரைந்த திரையும் தெரிகின்றன. எந்தக் காமிரா, என்ன விலை என்பது தெரிவதில்லை. கிடைத்தவை எல்லாம் யாரோ ஒருவர் எறியாமல் வைத்திருந்ததனால் கிடைத்தவை. எங்கள் சுத்துக்கேணி மண்ணுக்கே இந்தக் காக்கும் குணம் உண்டு. பிரெஞ்சு ஆய்வாளர் கசால் இங்கே தோண்டிக் கண்ட பழங்கால ஈமக்குழிகளைப் பற்றி 1956-ல் பாரிஸில் புத்தகமே வெளியாயிற்று. மண் காப்பாற்றிய அளவுக்கு நம்முடைய கம்ப்யூட்டர் வட்டு காப்பாற்றாது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும்படி இரண்டு வைத்திருக்க வேண்டும்.

தம்பி கடைசியில் வாங்கியது, இரண்டு வருஷம் பழகிய, கார்டுக்கு இரண்டு துளையுள்ள ஒரு காமிரா, நிற்க வைக்கும் விளக்கு இரண்டு, வட்டு இரண்டு. எல்லாம் சேர்த்துப் புதுக் காமிராவின் விலையில் பாதிகூட ஆகவில்லை. நகை அதன் இடத்திலேயே இருக்கிறது. பழைய காமிராவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு பையனைத் தயார் செய்கிறார். அவன் தேறிவிட்டால் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு வீட்டுக்குப் போகலாம். மூன்று லட்ச ரூபாய்க் கண்ணால் ஆகாத காரியம் அது. ஒரு காலம் வரும். விளக்கு வெளிச்சத்தில் எடுக்கும் வேலை மாதம் நாலு வந்து, வாடகைக் காசே தவணைக் காசை எட்டும். அன்றைக்குப் பெரிய காமிராவைத் தாராளமாக வாங்கட்டும். வேலை வந்து காமிராவைக் கேட்க வேண்டும். காமிராவை வாங்கி வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருப்பது, ஊற்று இருக்கிறதா என்று பார்க்காமல் கடன் வாங்கிக் கிணறு வெட்டுவது போலத்தான்.

மானம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதற்குத் தம்பியைவிட நாம்தான் அதிகம் செய்ய முடியும். உங்கள் வீட்டில் அடுத்த விசேஷம் வரும்போது, போட்டோக்காரரிடம் எந்தக் காமிரா என்று கேட்காதீர்கள். எத்தனை பிரதி வைப்பீர்கள், எத்தனை வருஷம் வைப்பீர்கள் என்று கேளுங்கள். சரியாகப் பதில் சொல்லுகிறவருக்குக் கேட்ட பணத்தை ஒரே தடவையில் கொடுங்கள். தாலி கட்டும்போது அவரை ஒதுங்கச் சொல்லாதீர்கள்.