பதில் வராத கடிதங்கள்

அத்தர், ஊறுகாய், தையல், பாய் எனச் சிறுதொழில் செய்வோர் இன்று நம் இல்லங்களில் பெருகி வருகின்றனர். அவர்கள் கூறும் குறை பெரும்பாலும் ஒன்றே: "யூடியூப், இன்ஸ்டாகிராம் பிரபலங்களுக்கு எழுதுகிறோம், பதிலே வருவதில்லை."

முக்கூடலில் மத்ரஸா ஆசிரியராயிருக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். ஆற்றுக்கு அக்கரையில், பத்தமடையில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு என்னைத் தேடி வந்தார். அவருடைய தாயாரும் தங்கையும் பாய் நெய்பவர்கள். கோரையை உலர்த்தி, ஆற்றுநீரில் ஊறவைத்து, மெல்லியதாகக் கீறி, சாயமேற்றி, மணமக்கள் பெயரோடு ஒரு பாய் நெய்து முடிக்கப் பல நாட்களாகும். இலாபத்தின் பெரும்பங்கோ இடையில் நிற்பவருக்குப் போய்விடுகிறது. பாய்களை நேரே விற்றால்தான் தங்கையின் நிக்காஹை நடத்த இயலும் என்ற நிலை.

இருபது பிரபலங்களுக்கு எழுதிய கடிதத்தை அவர் காட்டினார். முதல் பக்கம் முழுவதும் புகழ்ச்சி. இரண்டாம் பக்கத்தில், "தங்களோடு இணைந்து பணியாற்ற விழைகிறோம்" என்ற ஒரே செய்தி. பாயின் படமில்லை, விலையில்லை, வேண்டுவது என்னவென்ற விளக்கமுமில்லை.

அவருக்கு நான் ஒரு பழைய கடிதத்தை நினைவூட்டினேன். 1913 ஜனவரி 16 அன்று, சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராயிருந்த இராமானுஜன், கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியது. அதற்கு முன் இருவருக்கு எழுதியும் பயனில்லை. ஆயினும் அவர் தளர்ந்துவிடவில்லை. தாம் யார், ஊதியம் எவ்வளவு என்பவற்றைச் சில வரிகளில் கூறினார். பின்னர், தாம் கண்ட கணித முடிவுகளையே பக்கம் பக்கமாக இணைத்தார். இவற்றில் மதிப்புடையது ஏதேனும் இருப்பின் வெளியிட உதவுக என்று வேண்டினார். ஹார்டி அதை நண்பர் லிட்டில்வுட்டோடு அமர்ந்து ஆராய்ந்து, பிப்ரவரி 8 அன்று பதில் எழுதினார். மறு ஆண்டே இராமானுஜன் இங்கிலாந்து சென்றார்.

நேரமில்லாத மனிதர் நம் புகழுரையைப் படிக்கமாட்டார்; சரக்கைப் பார்ப்பார். ஆகவே யாவருக்கும் ஒரே கடிதம் அனுப்பாதீர்கள். நம் பொருளுக்கு ஏற்றவர் ஐவரைத் தேர்ந்தெடுங்கள். அவர்களது நிகழ்ச்சிகளைப் பார்த்த பின் எழுதுங்கள். நாம் யார், பொருள் என்ன, விலை என்ன, அவருக்கு நாம் தருவது என்ன, அவரிடம் வேண்டுவது என்ன என்பவை பத்து வரிகளில் அடங்க வேண்டும். பதில் வராவிடில் இரு வாரங்களுக்குப் பின் ஒருமுறை பணிவாக நினைவூட்டுங்கள், அதன்பின் விட்டுவிடுங்கள்.

மாணவர் கேட்டார்: "ஹஜ்ரத், ஒரு பாயை இலவசமாக அனுப்பி, அவரே விலைக்கு வாங்கியதாகச் சொல்லச் சொன்னால் என்ன?"

"ஆகாது தம்பி" என்றேன். வாங்குவோரை ஏமாற்றி வரும் இலாபத்தில் பரக்கத் ஏது? நாட்டின் சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. பணமோ இலவசப் பொருளோ பெற்று விளம்பரம் செய்வோர் அதைத் தெளிவாகக் கூற வேண்டுமென 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. மக்களைத் திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 இலட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மீண்டும் தவறினால் அது 50 இலட்சம் வரை உயரும்.

புதிய கடிதங்கள் ஐந்து சென்றன. நால்வர் வாய் திறக்கவில்லை. இல்லப் பொருட்களைப் பற்றிப் பேசும் ஒரு சகோதரி மட்டும், "அன்பளிப்பு என்று சொல்லித்தான் காட்டுவேன், சம்மதமா?" எனக் கேட்டு எழுதினார். அவ்வாறே காட்டினார். அந்த மாதம் நான்கு திருமணப் பாய்களுக்கு நேரடி ஆர்டர் வந்தது. தொகை பெரிதல்ல, ஆனால் முழுவதும் நெய்த கைகளுக்கே வந்து சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ்!

உங்கள் இல்லத்திலும் பதிலுக்குக் காத்திருப்போர் இருக்கலாம். அவர்கள் எழுதிய கடிதத்தை வாங்கி ஒருமுறை படித்துப் பாருங்கள். அதில் புகழ்ச்சியைக் குறைத்து, பொருளை முன்வைத்து, உண்மையை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.