கருவறையில் செரட்டோனின்



மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துவரும் பெண் கருவுற்றால், நம் வீடுகள் பலவற்றில் முதலில் நிறுத்தப்படுவது அந்த மாத்திரைதான். மருத்துவரைக் கேட்கும் முன்பே உம்மாவும் மாமியாரும் முடிவெடுத்துவிடுகிறார்கள். செவிலியர் கல்லூரியில் பல்லாண்டுகளாக உடலியங்கியல் கற்பிக்கும் நான் அவர்களுடைய அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கமாட்டேன். அதில் ஓர் உண்மை இருக்கிறது.

அம்மாத்திரைகளில் பெரும்பாலானவை செரட்டோனின் என்னும் வேதிப்பொருளின் வழியே செயல்படுபவை. வளர்ந்தவர் மூளையில் அது நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கொண்டு செல்கிறது. கருவிலோ அதற்கு வேறு பணியும் உண்டு. வளரும் நரம்பணு தன் இழையை நீட்டும்போது, விரித்த கைபோன்ற அதன் நுனி வழியைத் தடவித் தடவி முன்னேறும். இந்த வளர்முனையை 1890-இல் ஸ்பெயின் அறிஞர் ரமோன் இ கஹால் கோழிக் கருவில் கண்டு விவரித்தார். 1984-இல் ஹைடன், மக்காப், கேட்டர் என்னும் மூவர், நத்தையின் நரம்பணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துச் செரட்டோனினைச் சேர்த்தார்கள். குறிப்பிட்ட சில அணுக்களின் வளர்முனைகள் நின்றுவிட்டன. வேறு சில அணுக்களோ அதைப் பொருட்படுத்தாமல் வளர்ந்தன. ஒரே பொருள் ஒன்றுக்கு 'நில்' என்கிறது, மற்றொன்றுக்கு எதுவும் சொல்வதில்லை.

சுண்டெலியின் ஒவ்வொரு மீசை மயிருக்கும் மூளையில் தனியோர் அணுத்தொகுதி உண்டு. செரட்டோனினைச் சிதைக்கும் நொதி இல்லாத எலிகளில் இந்த வரைபடம் உருவாகவில்லை என்று 1990களில் கண்டார்கள். பிறந்த முதல் நாட்களில் செரட்டோனின் உற்பத்தியைக் குறைத்தபோது அது உருவாயிற்று. 2011-இல் வெளிவந்த மற்றோர் எலி ஆய்வு இன்னும் வியப்பானது. கருவின் முன்மூளைக்குத் தொடக்க நாட்களில் வேண்டிய செரட்டோனினை, தாயின் உணவிலிருந்து வரும் டிரிப்டோபானைக் கொண்டு நஞ்சுக்கொடியே ஆக்கித் தருகிறது. சுப்ஹானல்லாஹ்! (ஒவ்வோர் ஆய்வையும் ஓர் ஆயத்தோடு பொருத்திக் காட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று, வியப்பதற்கு அது தேவையுமில்லை.)

என் தங்கை மகள் மூன்றாம் மாதத்தில் பெரியோர் சொல் கேட்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தினாள். சில வாரங்களில் உறக்கம் போயிற்று, உணவு இறங்கவில்லை. சுப்ஹு தொழுதுவிட்டு முஸல்லாவிலேயே அழுதபடி அமர்ந்திருப்பாளாம். "பெரியம்மா, மாத்திரை போட்டால் பிள்ளையின் மூளை கெட்டுப்போகுமா?" என்று கேட்டாள்.

நொதியே இல்லாத எலியின் நிலையும் மருத்துவர் அளந்து தரும் மாத்திரையும் ஒன்றல்ல என்றேன். மாத்திரை நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளையை அடையும் என்பதை மறைக்கவில்லை. ஆனால், கவனிக்கப்படாத மனச்சோர்வும் கருவைத் தொடாமல் விடுவதில்லை. குறைமாதப் பிறப்புக்கும் எடைக் குறைவுக்கும் அதனோடு தொடர்பு காணப்பட்டுள்ளது. ஆகவே மனநல மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் சேர்த்தே பார்க்க வைத்தோம். அவளுக்கு மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். வேறொருத்திக்கு மருந்தை மாற்றலாம், பேச்சுவழிச் சிகிச்சையே போதும் எனவும் கூறலாம்.

இம்மாத்திரை எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் சிலருக்குப் பிறந்த சில நாட்கள் நடுக்கமோ ஓயாத அழுகையோ இருக்கக்கூடும். பெரும்பாலும் தானே தணியும். பிரசவம் பார்ப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வெட்கத்தால் பலர் மறைத்துவிடுகிறார்கள். மாத்திரையின் பெயரும் அளவும் எழுதிய சீட்டைப் பிரசவப் பையில், பிள்ளையின் துணிகளுக்கு மேலேயே வைக்கச் சொன்னேன்.