காய்ச்சல் என்று எழுதிய ஏடு

நம் அப்பத்தாவுக்குத் தாயின் முகம் தெரியாது. 1918ஆம் ஆண்டின் இறுதியில், அவருக்கு இரண்டு வயது நிறையும் முன்னரே, அவரைப் பெற்றவர் ஆலங்குளத்தில் மாண்டுபோனார். "நாலு நாள் காய்ச்சல், அஞ்சாம் நாள் ஆள் இல்லை" என்பதே எங்கள் குடும்பத்தில் வழங்கிவந்த முழு வரலாறு. எந்தக் காய்ச்சல் என்று எவரும் கேட்டதில்லை. பிறப்பு இறப்புகளைக் குறித்துவைத்த கிராம முன்சீபுகளின் ஏடுகளிலும் அக்காலத்துச் சாவுகளில் பெரும்பகுதி 'காய்ச்சல்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள்ளேயே அடங்கிப்போனது.

2020ஆம் ஆண்டு இணையவழி வகுப்பொன்றில் மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, கிருமி ஒன்றுதானே? இத்தாலியில் அத்தனை பேர் சாகிறார்கள், இங்கே ஏன் குறைவு?" நாம் சற்றும் தயங்கவில்லை. மஞ்சள், மிளகு, வெயில், மூதாதையர் உணவு என்று அடுக்கினோம். மாணவர்கள் மகிழ்ந்தார்கள். அந்த விடையை நினைத்து இன்றும் நாணுகிறோம்.

ஏனெனில், 1918இல் நம் அடுப்படிகளில் மஞ்சளும் மிளகும் இல்லாமலா போயின? வெயில்தான் காயாமல் இருந்ததா? அந்த இன்புளுவென்சாவில் உலகிலேயே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்த நாடு இந்தியா. ஒரு கோடிக்கும் மேல் என்பதே ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. 2006இல் லான்செட் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, டென்மார்க்கில் நூற்றுக்கு 0.2 பேரும் இந்தியாவில் நூற்றுக்கு 4.4 பேரும் இறந்ததாகக் கணித்தது. இவ்வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்குவது தலா வருமானமே என்பது அதன் முடிவு. அவ்வாண்டு இந்தியாவில் பருவமழை பொய்த்தது. தானிய விலை ஏறியது. மெலிந்த உடல்களின்மேல் நோய் விழுந்தது. இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக மாண்டனர். இல்லத்தில் படுத்தவர்க்கெல்லாம் பணிவிடை செய்தவர், எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்டவர் யார் என்று எண்ணினால் காரணம் ஓரளவு புலப்படும். அப்பத்தாவின் தாயும் அவ்வரிசையில் ஒருவராக இருந்திருக்கலாம்.

இந்தியாவுக்குள்ளும் இழப்பு ஒரே அளவாக இல்லை. பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணமும் இழந்ததோடு ஒப்பிட்டால், ஆலங்குளம் அடங்கிய சென்னை மாகாணத்தின் இழப்பு மிகக் குறைவு. பஞ்சத்தின் கடுமையும் நோயலையின் வீரியமும் இடத்துக்கு இடம் மாறியதைக் காரணமாகக் காட்டுவர். முடிவெடுப்பவரும் காரணமாகலாம். அதே 1918இல் மேலைச் சமோவாவில் நோயோடு வந்த கப்பலொன்றைத் துறைமுகத்தில் அனுமதித்தார்கள். மக்களில் ஐவரில் ஒருவருக்கு மேல் மடிந்தனர். அண்டையிலிருந்த அமெரிக்கச் சமோவா கப்பல்களைத் தடுத்து நிறுத்தியது. அங்கே ஒருவரும் சாகவில்லை. இனமும் உணவும் வெயிலும் இரு தீவுகளுக்கும் ஒன்றே.

மாணவர் கேட்ட இத்தாலிக்கு வருவோம். கொரோனா முதியோரையே மிகுதியாகக் கொன்றது. இத்தாலியில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். நம் நாடு இளையோர் நாடு. இது மெய்யான காரணம். மற்றொன்றும் உண்டு: எண்ணிக்கை. பெரு நாடு 2021 மே மாத இறுதியில் தன் கணக்கைத் திருத்தியபோது, சுமார் 69,000 ஆக இருந்த சாவுகள் ஒரே நாளில் 1,80,000 ஆயின. இறந்தவர்கள் முன்பே இறந்திருந்தார்கள். ஏடுதான் பிந்தி விழித்தது. 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகளில் இந்தியாவில் வழக்கத்தை விஞ்சி 47 லட்சம் பேர் இறந்திருக்கக்கூடும் என உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. அரசின் கணக்கோ ஐந்து லட்சத்தை எட்டவில்லை. அம்மதிப்பீட்டை அரசு மறுத்தது.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நமக்குத் தகுதியில்லை. ஒரு சாட்சியம் மட்டும் உண்டு. 2021 மே மாதத்தில் நம் சித்தப்பா ஒன்பது நாள் மூச்சுக்குத் திணறி இறந்தார். பரிசோதனை முடிவு வரவேயில்லை. சான்றிதழில் 'மாரடைப்பு' என்று எழுதப்பட்டது. எழுதியவரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. நாமும் அருகில்தான் நின்றோம். நோயின் பெயர் ஏறிவிட்டால் உடலை ஊருக்குக் கொண்டுபோக முடியாது, கொள்ளிவைக்க முடியாது என்ற அச்சத்தில் வாய்மூடி நின்றோம். பின்னர் அரசு 50,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தபோது, "சான்றிதழ்ல அப்படி இல்லையேப்பா" என்று கூறிய சித்தி, விண்ணப்பிக்கவே இல்லை.

உலகின் இறப்பு விகிதப் பட்டியல்களைக் காணும்போதெல்லாம் நம் நாட்டுக்கு நேரேயுள்ள எண்ணில் ஒன்றைக் கூட்டிக்கொள்கிறோம். 1918இன் ஏடு அறியாமையால் 'காய்ச்சல்' என்றது. நம் ஏடு, அறிந்தே 'மாரடைப்பு' என்றது.

அந்த மாணவர் இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியர். அண்மையில் ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் கண்டு வணங்கினார். அன்று சொன்ன விடை பிழை என்றோம். "எது சரிங்க ஐயா?" என்றார். "குறைவாகச் செத்தார்களா, குறைவாக எண்ணினோமா என்று முதலில் கேட்க வேண்டும், தம்பி" என்றோம். பேருந்து வந்துவிட்டது. சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம்.